அவசரக் கருத்தடை மாத்திரை சிசுக்கொலையா?

 

தெளிவான அறிவில்லாத எதையும் பின்தொடரக் கூடாதென்று திருமறை (17:36) நம்மை எச்சரிக்கின்றது. இதை மறந்து, அவசரக் கருத்தடை மாத்திரை உட்கொண்ட மனைவியைச் ‘சிசுவைக் கொன்றவள்’ என்று பழிப்போர் நம்மிடையே உள்ளனர். கொலைப்பழி சாதாரணமானதன்று.

திருக்குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஸஹாபாக்கள் ‘அஸ்ல்’ செய்துவந்ததாக, அதாவது விந்தை வெளியே விட்டுவந்ததாக, ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (புகாரி, முஸ்லிம்). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் அஸ்லை ஆகுமாக்குகின்றார்கள். ஆயினும் ஆண், பெண் வித்துகள் கருவறையில் கலந்தபின் அதை அழிப்பது குற்றமென்றும், கரு வளர வளரக் குற்றமும் கடுமையாகும் என்றும் விளக்குகின்றார்கள். ஆகவே இம்மாத்திரை கலப்புக்கு முன் தடுக்கின்றதா, பின் அழிக்கின்றதா என்பதே கேள்வி.

கருப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் தடித்து, விதைப்புக்காக உழுது வைத்த நம் கரிசல் நிலம்போல் கருவை ஏற்கத் தயாராகின்றது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் இம்மாத்திரை அந்நிலத்தைக் கெடுத்து, கருவைப் பதியவிடாமல் செய்யும் என்றே முன்னர் ஐயுற்றனர். மருந்துக் குறிப்புகளிலும் அவ்வாறே அச்சிட்டனர்.

பின்வந்த ஆய்வுகள் வேறு உண்மையைக் காட்டின. இம்மாத்திரை சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகின்றது. உட்சவ்வில் கருப்பதிவைத் தடுக்கும் அளவுக்கு மாற்றம் காணப்படவில்லை. சிலி நாட்டில் 2011இல் வெளியான ஆய்வில், முட்டை வெளிவருமுன் உட்கொண்ட 103 பெண்களில் ஒருவரும் கருவுறவில்லை. வெளிவந்த நாளிலோ அதன் பின்னரோ உட்கொண்ட 45 பேரில் 8 பேர் கருவுற்றனர். மாத்திரையே உட்கொள்ளாவிடினும் ஏறத்தாழ இத்தனை பேர் கருவுற்றிருப்பார்கள். உட்சவ்வு கெட்டிருந்தால் அந்தக் கருக்கள் பதிந்திருக்குமா? 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இம்மருந்தின் குறிப்பிலிருந்து அப்பழைய ஐயத்தை நீக்கியது.

எனவே இம்மாத்திரையின் செயல் அஸ்லுக்கு நெருக்கமானது. பதிந்த கருவை இது கலைப்பதுமில்லை. மிஃபெப்ரிஸ்டோன் என்னும் கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறானது. அதன் சட்டமும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டில் 2005 முதல் இம்மாத்திரை மருத்துவர் சீட்டின்றி விற்க அனுமதிக்கப்பட்டது. அதற்காக இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். இது அவசரத்திற்கு மட்டுமே. 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு பலன். மாதவிடாய் ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனாலோ, அடிவயிறு கடுமையாக வலித்தாலோ அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ தாமதமின்றிச் செல்லுங்கள். கணவன், மனைவி இருவரும் கலந்து பேசி, மனமொப்பி முடிவெடுங்கள். விபச்சாரத்தின் வாசலைத் திறக்க எம்மருந்தும் அனுமதிச் சீட்டாகாது.

அறியாமல் பழி சுமத்துவதிலிருந்து நம் நாவுகளையும், வீண் குற்ற உணர்விலிருந்து நம் பெண்மக்களின் உள்ளங்களையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.