ஓநாய்த் தலைமையும் ஓர் ஒட்டுண்ணியும்

ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைமை ஏற்பது எது என்று கேட்டால், வலிமையும் வயதும் அனுபவமும் அதைத் தீர்மானிக்கின்றன என்றே பலரும் சொல்வோம். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கிடைத்துள்ள சான்றுகள் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கின்றன. அங்கே வேட்டையாடி ஒழிக்கப்பட்ட ஓநாய்களுக்கு மாற்றாக, 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அன்றிலிருந்து சேகரித்துவந்த இரத்த மாதிரிகளை ஆய்ந்து 2022-இல் வெளியான முடிவு இது: டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி தொற்றிய ஓநாய், தொற்றாத ஓநாயைவிடக் கூட்டத்தை விட்டுப் பிரியும் வாய்ப்பு 11 மடங்கும், தலைமைக்கு வரும் வாய்ப்பு 46 மடங்கும் அதிகம். பெரும்பாலும் தலைமை இணையே குட்டி ஈனும் என்பதால், தலைமை யாருக்கு என்பது அடுத்த தலைமுறை யாருடையது என்பதாகவும் ஆகிறது.

இந்த ஒட்டுண்ணி பாலினப் பெருக்கம் செய்வது பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே. அவற்றின் எச்சத்தோடு வெளியேறி மண்ணையும் நீரையும் அடைகிறது. அங்கிருந்தோ, தொற்றிய இறைச்சி வழியாகவோ வேறு விலங்குகளுக்குள் புகுந்து, தசையிலும் மூளையிலும் நுண்கூடுகளாகத் தங்கிவிடுகிறது. எல்லோஸ்டோனில் அந்தப் பூனை, பூமா. பூமாக்கள் அடர்ந்து வாழும் பகுதிகளில் திரியும் ஓநாய்களிடமே தொற்று மிகுந்து காணப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். துணிச்சலான ஓநாய்தான் பூமாவின் எல்லைக்குள் நுழைந்து தொற்றை வாங்கிக்கொள்கிறதோ? அப்படியானால் துணிச்சல் காரணம், தொற்று விளைவு. காட்டு ஓநாய்களிடம் பரிசோதனை செய்து இதை முற்றாகத் தீர்க்க வழியில்லை. ஆனால் ஆய்வகத்தில் வேண்டுமென்றே தொற்று ஏற்படுத்தப்பட்ட எலிகள் பூனை வாடை மீதான அச்சத்தை இழக்கின்றன. அங்கே எது முந்தியது என்பதில் ஐயமில்லை. கென்யாவின் மசாய் மாரா கழுதைப்புலிகளில், தொற்றிய குட்டிகள் சிங்கங்களுக்கு அருகே செல்லத் துணிந்ததும் பதிவாகியுள்ளது. வெவ்வேறு இனங்களில் மாற்றம் ஒரே திசையில் தெரிவதால், தொற்று துணிச்சலைத் தூண்டுகிறது என்ற விளக்கமே வலுவாக நிற்கிறது. துணிந்த தலைமை தன் கூட்டத்தையும் பூமாவின் நிலத்துக்குள் இட்டுச்சென்றால், இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று வளர்க்கவும் கூடும்.

ஒட்டுண்ணி செய்யும் கேட்டை இறந்த விலங்குகளின் எண்ணிக்கையால் அளந்தால் போதும் என்பாரும் உண்டு. சொறிநோய் அதற்குப் பதில் சொல்கிறது. தோலுக்குள் குடைந்து முட்டையிடும் நுண்ணிய உண்ணியால் வருவது இந்நோய். அரிப்பால் முடி உதிர்ந்து, கடுங்குளிரில் உடல்வெப்பம் வெளியேற, இரவுதோறும் ஆற்றல் வீணாகிறது. ஆனால் அதே நோய் எல்லா ஓநாய்களையும் ஒரே அளவில் கொல்வதில்லை. தனித்துத் திரியும் ஓநாய்க்கு அது பேராபத்து. நோயற்ற துணைகள் பல சூழ்ந்த ஓநாயோ பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. கூட்டம் வேட்டையாடிய இரையில் அதற்கும் பங்கு கிடைக்கிறது. நெருங்கிப் படுத்து உண்ணியைப் பரப்பும் அதே கூட்டு வாழ்க்கைதான் நோயாளியைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆகவே ஒரு தொற்றின் விளைவை ஒட்டுண்ணியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கூட்டத்தின் அளவையும் நலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் மருந்திட்டு எல்லாத் தொற்றையும் ஒழித்துவிடலாமே என்று கேட்கலாம். ஓநாயையும் பூமாவையும் இணைக்கும் பழைய உறவின் ஒரு பகுதி டாக்ஸோபிளாஸ்மா. அதைக் காட்டிலிருந்து பிரித்தெடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. சொறிநோயின் கதை வேறு. ஓநாய்களை அழிக்கவென்றே 1905-இல் மொன்டானா மாநிலம் சட்டமியற்றி, நோய் பிடித்த விலங்குகளைக் காட்டில் விட்டது. மனிதர் ஏவிய நோய்க்கு மனிதரே பொறுப்பு. ஆனால் பரந்த காட்டில் ஒவ்வொரு ஓநாயையும் பிடித்து மருந்திடுவதைவிட, கூட்டங்கள் சிதையாமல் காப்பது நீடித்த உதவி. மனிதர் வேட்டையில் கொல்லப்படும் ஒரு நலமான ஓநாய், நோயுற்ற தன் துணைகளுக்கு இரை தேடித் தந்ததாகவும் இருக்கலாம். எத்தனை ஓநாய்களைச் சுடலாம் என்று ஒதுக்கீடு வகுப்போர் தலைகளை மட்டும் எண்ணினால், இந்த இழப்பு அவர்கள் கணக்கில் வராது.