பருப்பு வேகாத தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வாழ்க்கைப்பட்டு வரும் பெண் சமையலறையில் முதலில் கற்றுக்கொள்வது, எந்தக் குடத்துத் தண்ணீரை எதற்கு எடுப்பது என்பதைத்தான். போர் தண்ணீரில் வைத்தால் எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு கரையாமல் நிற்கும். டீ கரிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஏடு படியும். ‘உப்புத் தண்ணி’ பாத்திரம் கழுவ, ‘நல்ல தண்ணி’ உலை வைக்க என்று வீட்டுக்கு வீடு கணக்கு உண்டு.

நல்ல தண்ணீர்க் குடம் இருந்த இடத்தில் இன்று பல வீடுகளில், சவ்வு வழியே உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் தொங்குகிறது. மிக்ஸி, கிரைண்டர் போல இது வேலையைக் குறைக்க வந்த சாமான் அல்ல. தண்ணீர் கெட்டதால் வந்த செலவு. அதனால் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பதும், தண்ணீரைக் கெடுத்தவர்களை மறக்காமல் இருப்பதும் நமக்கு இரண்டு தனித்தனி வேலைகள்.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

பருப்பு வேகாததற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். இவை பருப்பிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீரில் இயற்கையான கடினத்தன்மையோடு தோல் பதனிடும் தொழிலின் கழிவும் கலந்திருக்கிறது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு போடுவார்கள். தொழிற்சாலையில் தோலை ஊறவைத்து அலசும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் இறங்கும். பதனிடப் பயன்படும் குரோமியம் இன்னொரு கவலை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலைப் பற்றி அந்தப் பக்கத்தார் அறிவார்கள்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. அதன்படி தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு 200, மாற்று இல்லையென்றால் 600. குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம், இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும். மற்ற உப்புகளும் குரோமியமும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

இரண்டு டம்ளர் வித்தை

விற்க வருபவர் உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு டம்ளர், இயந்திரத் தண்ணீர் ஒரு டம்ளர் வைத்து, இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுப்பார். சற்று நேரத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாகி, சேறுபோலத் திரளும். இயந்திரத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். “இதைத்தான் குழந்தைக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க” என்பார்.

அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் நிறம் மாறுவதில்லை. நல்ல தாதுக்கள் உள்ள சுத்தமான தண்ணீரும் இதே சோதனையில் பழுப்பாகும். இது அழுக்கைக் காட்டும் சோதனை அல்ல. பயத்தை விற்கும் வித்தை.

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் உப்பின் மொத்த அளவைத் தோராயமாகச் சொல்லுமே தவிர, அதில் குரோமியம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று சொல்லாது.

வாங்கும் முன்

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் வேறு, வீட்டு போர் தண்ணீர் வேறு. இரண்டு மாதிரிகளையும் தனித்தனியாகக் கொடுங்கள். தோல் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் குரோமியத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். 500-க்குக் கீழ் இருந்து, மற்ற அளவுகளும் சரியாக இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. கிருமிக்குப் பயந்தால் கொதிக்க வைப்பதோ, புற ஊதாக் கதிர் வடிகட்டியோ போதும். அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019 மே மாதம் உத்தரவிட்டது. உடலுக்கு வேண்டிய தாதுக்கள் போவது ஒரு காரணம், தண்ணீர் வீணாவது இன்னொரு காரணம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியேற்றும் வீட்டு இயந்திரங்கள் சாதாரணம். கழிவு நீரைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். உலையில் ஊற்றக் கூடாது.

ஆர்.ஓ. வேண்டும் என்றே சோதனை சொன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, வீட்டு ஆர்.ஓ.வுக்கான ஐ.எஸ். 16240 தரநிலையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும். முத்திரையின் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் உரிமம் உண்மையா, யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். இரண்டு, ‘ருசிக்காக’ வைத்திருக்கும் டி.டி.எஸ். திருகு. பல இயந்திரங்களில் இது சவ்வு வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் ஏற்பாடு. குரோமியச் சந்தேகம் உள்ள ஊரில் அதைத் திறந்துவிட்டால் இயந்திரம் வாங்கிய நோக்கமே போய்விடும். மூன்று, சவ்வையும் வடிகட்டிகளையும் எப்போது மாற்ற வேண்டும், என்ன விலை என்பது. இதை எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய விலையைவிடப் பராமரிப்புச் செலவு மிஞ்சும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஏமாந்துவிட்டால்

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ‘பில் போட்டால் வரி சேரும்’ என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பாதது சேவைக் குறைபாடு. பழுதான இயந்திரத்தால் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், தயாரித்தவர், விற்றவர், பழுது பார்த்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்கவும் இதே சட்டம் வழி வைத்திருக்கிறது.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்னொரு பில்

இயந்திரத்துக்கான பில்லை நாம் கட்டிவிட்டோம். தண்ணீரைக் கெடுத்ததற்கான பில் யாருடையது? அதற்குப் பதில் சொன்ன வழக்கு இந்த மண்ணில் பிறந்ததுதான். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழாகிவிட்டது என்ற விவரங்கள் அதில் பதிவாகியுள்ளன. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இதை வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று சொன்னது.

இடையில் ஓடியது 28 ஆண்டுக்கு மேல். அதுவரை வடிகட்டிக்குப் பணம் கட்டியது ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் சோறு கட்டிக்கொண்டு ஓடும் பெண்கள் உட்பட, இந்த ஊர்ச் சமையலறைகள்தான்.

ஆகவே சோதனை அறிக்கையை அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். கழிவு கலப்பதைக் கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அதன் நகலோடு எழுதுங்கள். நகராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு உலக தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராமசபை கூடும். அந்த அறிக்கையை அங்கே படிக்கச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பருப்பு ஏன் வேகவில்லை என்ற கேள்வி ஊர்ப் புத்தகத்திலும் ஏறட்டும்.