ராத்திரி 2.45 மணிக்கு 1.68 லட்சம் கனஅடி! சாத்தனூர் அணையை முன்கூட்டியே திறந்திருக்கலாமா?

திருவண்ணாமலை:

2024 டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை 2.45 மணி. சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணை ஆற்றில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. ஜனங்கள் தூங்கிக் கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என 4 மாவட்டங்களின் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நம்மூர் மலை அடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் பலியான சோகம். எல்லோர் கவனமும் அந்தப் பக்கம் இருந்தபோது ஆறு இந்தப் பக்கம் வந்து விட்டது.

எச்சரிக்கை இல்லாமல் திறந்து விட்டார்கள் என்று எடப்பாடி பழனிசாமி குற்றம் சாட்டினார். 5 முறை எச்சரிக்கை கொடுத்தோம், படிப்படியாகத்தான் திறந்தோம் என்றார் அன்றைக்கு நீர்வளத்துறை அமைச்சராக இருந்த துரைமுருகன். அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அணையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

காமராஜர் ஆட்சியில் 1958-ல் கட்டி முடிக்கப்பட்டது சாத்தனூர் அணை. உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி, அதாவது 7.3 டி.எம்.சி. ஃபெஞ்சல் புயல் வந்தபோது அணை கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாக வந்து, சாத்தனூருக்கு மேலேயே தென்பெண்ணையில் சேருகிறது. கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே சேர்வதால் அங்கே பிடித்து வைக்கவும் வழியில்லை. நேராக சாத்தனூர் தலையில்தான் விழும்.

சரி, கொஞ்சம் காலியாக வைத்திருந்தால்?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். 1.68 லட்சம் கனஅடி என்றால் வினாடிக்கு 47 லட்சம் லிட்டர்! நிரம்பிய சாத்தனூர் அணை மொத்தமும் இந்த வேகத்தில் 12 மணி நேரத்தில் காலி. ஒரு டி.எம்.சி. இடம் விட்டு வைத்திருந்தாலும், வந்த வெள்ளத்தை முழுசாகத் தடுத்தால் அது 1 மணி 40 நிமிடத்தில் நிரம்பி விடும். அதனால் வெள்ளமே வந்திருக்காது என்று சொல்வது சரியில்லை.

ஆனால் இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஆற்றில் 1 லட்சம் கனஅடி மட்டும் விட்டு, மீதி 68 ஆயிரத்தை அந்த ஒரு டி.எம்.சி. இடத்தில் தேக்கினால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். 2.45-ஓடு 4 மணி நேரத்தைக் கூட்டினால் 6.45. பொழுது விடிந்திருக்கும். மாட்டை அவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக வெளிச்சமாவது இருந்திருக்கும்.

அப்படியானால் ஏன் இடம் விடவில்லை? அதிகாரிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. சாத்தனூர் நிரம்புவது பெரும்பாலும் வடகிழக்கு பருவமழையை நம்பித்தான். டிசம்பர் போனால் அடுத்த வருஷம்தான். இடது, வலது கால்வாய்களை நம்பி சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. திருவண்ணாமலை நகரமும் குடிநீருக்கு இந்த அணையைத்தான் நம்புகிறது. திறந்து விட்டு, அப்புறம் மழை பொய்த்தால் விவசாயிகள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்து விடுவார்கள். இந்தப் பயத்தில்தான் அணையை விளிம்பு வரை நிரப்பி வைக்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு மேலே கர்நாடகாவிலும் ஒரு காரணம் இருக்கிறது. தென்பெண்ணை பிறப்பது அங்கே நந்தி மலையில். அதன் துணை ஆறான மார்க்கண்டேய நதியில், கோலார் மாவட்டம் யார்கோலில் கர்நாடகா அணை கட்டியது. கொள்ளளவு சுமார் அரை டி.எம்.சி. 1892 ஒப்பந்தப்படி எங்கள் சம்மதம் வேண்டும் என்று தமிழ்நாடு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2019 நவம்பரில் இடைக்காலத் தடை கேட்ட மனு தள்ளுபடியானது. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் போங்கள் என்று கோர்ட் சொல்லி விட்டது. வழக்கு இழுக்க, அணை 2023-ல் திறப்பு விழாவே கண்டு விட்டது. குடிநீருக்குத்தான் என்பது கர்நாடகாவின் வாதம். வறண்ட கோலாருக்கும் தாகம் உண்டு, அதையும் மறுக்க முடியாது.

மேலே இருந்து வருவதிலும் பெங்களூர் கழிவுநீர் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு வேதனை. சாத்தனூர் உபரி நீரை நந்தன் கால்வாய்க்குத் திருப்புங்கள், ஏரிகள் நிரம்பும் என்பது திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்ட விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அந்த ஒரு ராத்திரி வெள்ளத்தைக் கால்வாய் தாங்காது, அது உண்மை. ஆனால் நவம்பரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க ஒரு வழி இருந்தால், அணையில் இடம் விட விவசாயியும் சம்மதிப்பான். தண்ணி கடலுக்குப் போகாமல் ஏரிக்குத்தானே போகுது!

தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து 3 மாதமே ஆன பாலமும் அன்று இடிந்து போனது. வினாடிக்கு சுமார் 54 ஆயிரம் கனஅடி தண்ணீர் போகும் அளவுக்குத்தான் அது வடிவமைக்கப்பட்டது என்று அரசு தரப்பில் விளக்கம் கொடுக்கப்பட்டது. மேலே இருக்கும் அணையில் இருந்து அன்று வந்தது அதைப்போல 3 மடங்கு என்பது குறிப்பிடத்தக்கது.