விமானம் ஏறுமுன் ஒரு நாள் நீர்கொழும்பில்

லண்டனுக்குப் பறக்கும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் வழியனுப்ப யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமே புறப்படுகிறதா? விமான நிலைய வாசலில் அவசரமாக விடை சொல்ல வேண்டாம். ஒரு நாள் முந்தி வந்து நீர்கொழும்பில் தங்குங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான்.

காலையில் மீன் சந்தையை ஒட்டிய கரைக்குப் போங்கள். வகிர்ந்து உப்பிட்ட மீன்களை, மணலில் விரித்த தும்புப் பாய்களில் வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். வெயில் ஏற ஏறக் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடுவார்கள். கருவாட்டு வாசம் தூக்கலாகத்தான் இருக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அம்மம்மா நின்று விலை கேட்பார். மாலையில் கடலில் கால் நனைத்தபடி ஆறுதலாகப் பேசலாம். அந்தப் பேச்சுக்கு விமான நிலையத்தில் நேரமே கிடைக்காது.

ஆழ்கடலில் சுழியோடும் ஆசை இருந்தால் மட்டும் கவனம். சுழியோடிய பின் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், விமானம் ஏறக்கூடாது. உடலில் கரைந்த நைதரசன், காற்றழுத்தம் குறையும்போது குமிழிகளாகி ஆபத்தை உண்டாக்கலாம்.

லண்டனுக்கு நேரடி விமானத்திலேயே சுமார் 11 மணி நேரம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடும். இடைக்கிடை எழுந்து நடக்கும்படி மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.