இரண்டோடு நின்ற கணக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில், வெண்களிமண்ணைக் கூழாய்க் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சி ஓரத்தில் மெல்லிய ஏடு படியும்வரை பொறுத்திருந்து, மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்தபின், உலர்ந்த பொம்மையின் பிசிறை ஈரப் பஞ்சினால் துடைத்தெடுக்கும் பெண்களிடம் குழந்தைகள் எத்தனை என்று விசாரித்தால், "ரெண்டுதான், ஆபரேஷன் பண்ணியாச்சு" என்பதே சர்வசாதாரணமான விடை. அவர்களுடைய பாட்டிமார் ஆறும் ஏழும் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவர்கள்.

ஒரு ஸ்திரீ தன் ஆயுளில் பெறும் குழந்தைகளின் சராசரி தமிழ்நாட்டில் 1971-இல் ஏறத்தாழ நான்காக இருந்தது. தென்னார்க்காடு ஜில்லா பிரிந்து, விருத்தாசலம் அடங்கிய கடலூர் தனி மாவட்டமான அதே 1993-இல், அது 2.1 என்னும் எல்லையைத் தொட்டது. தாய் தந்தையர் இருவருக்கு ஈடாக இருவர். பருவம் எய்துமுன் இறப்போரையும், பெண்ணைவிட ஆண் சற்று அதிகமாகப் பிறப்பதையும் உத்தேசித்து மேலும் ஒரு சிறு பின்னம். இவ்வளவு இருந்தால் ஜனத்தொகை காலக்கிரமத்தில் நிலைபெறும். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் எண் 1.4.

கேரளம் இந்த எல்லையை 1988-இலேயே எட்டிவிட்டது என்றால், அங்கே பெண்கள் பெரும்பாலும் படித்தவர்கள் என்று சமாதானம் சொல்லலாம். 1991-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் பாதிக்குச் சற்றே அதிகம். ஆகையால் கல்வி ஒன்றையே காரணமாகக் காட்டி இங்கே தப்பிக்க இயலாது. பெண் விடுதலையின் நிமித்தமே கர்ப்பத்தடை வேண்டுமென்று பெரியார் வாதாடியதும், 1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை ராஜ்யத்தில் கருத்தடைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை ஏற்படுத்தியதும் பூர்வாங்கமாக நடந்த காரியங்கள். ஆயினும் சர்க்காரின் பிரசாரத்துக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77 என்ற ஓராண்டில் மட்டும் தேசத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள், வடக்கே பலவந்தமாகவும், நடந்தன. அதன் பலனாக விளைந்தது ஜனங்களின் வெறுப்பே. பீகாரில் பிள்ளைப்பேற்றுச் சராசரி இன்றும் மூன்றை ஒட்டியே நிற்கிறது.

பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நிச்சயம் தாய்க்கு ஏற்பட்டதுதான் பிரதானமான விஷயம். 1981-இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 91 ஓராண்டுக்குள் மடிந்தன; 2020-இல் 13. நான்கு பெற்றால் இரண்டாவது தங்கும் என்ற பழைய கணக்குக்கு இனி அவசியமில்லை. மற்றொன்று பணத்தைப் பற்றியது. பத்து வயதில் மாடு மேய்த்தும் மண் பிசைந்தும் வீட்டுக்கு வருமானம் தந்த பிள்ளை, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தினால் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் செலவாக மாறிப் போனான். இன்றோ வேன் கட்டணம், டியூஷன், இங்கிலீஷ் மீடியம். செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் பாய்ந்த காலம் மாறி, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாயத் தொடங்கினால் சந்தானம் சுருங்கும் என்று 1982-இல் நூலெழுதிய ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல், தென்னிந்தியக் கிராமங்களிலும் ஆராய்ந்தவர்.

ஆனால் குடும்பம் சுருங்கிய வேகத்தில் ஆண் வாரிசு ஆசை சுருங்கவில்லை. இரண்டே பிள்ளைகள், அதில் ஒன்றாவது ஆணாக இருக்கவேண்டும் என்று குடும்பம் தீர்மானிக்கும்போது, அந்தத் தீர்மானத்தின் பாரம் கருவிலுள்ள பெண்ணின்மேல் விழுகிறது. கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-க்கும் குறைவு. சேலத்தில் 1992-இல் தோன்றிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-இல் இம்மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஜனன விகிதக் குறைவை வெற்றி வெற்றி என்று கொண்டாடியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நெருப்பை அணைத்த பின்னும் சூளை நெடுநேரம் தகிப்பதுபோல, பிறப்பு குறைந்த பிறகும் ஜனத்தொகை பெருகிக்கொண்டுதான் போகும். முன்பு பிறந்தவர்கள் வளர்ந்து தாமும் பெற்றோராவதே அதற்குக் காரணம். 1991-இல் ஐந்தரைக் கோடியைத் தாண்டியிருந்த தமிழ்நாடு 2011-இல் ஏழு கோடியைக் கடந்தது அவ்வாறே. அந்த வேகம் தணியத் தணிய முதியோர் மிகுவர். அறுபது வயது கடந்தவர் 2011-லேயே பத்தில் ஒருவர்.

1971 கணக்கின்படி உறைந்துகிடக்கும் மக்களவைத் தொகுதிகளைப் புதிய ஜனத்தொகைப்படி மறுபடி பங்கிட்டால் தமிழ்நாட்டின் 39 என்ன ஆகும் என்ற கவலையில், புதுமணத் தம்பதிகள் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டுமென்று 2025-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே சொல்லும்படி ஆயிற்று. தொகுதிக் கவலை நியாயமானதே. ஆனால் அதைத் தீர்க்கும் பாரத்தை மணப்பெண்ணின் தலையில் ஏற்றுவது விநோதம். பல ஆண்டுகளாக ரொக்கமும் சலுகையும் வாரி வழங்கிய தென்கொரியாவிலும் 2023-இல் பிள்ளைப்பேற்றுச் சராசரி 0.72-க்கு இறங்கிவிட்டது; வேலையை விடாமல் பிள்ளை வளர்க்க வழியில்லாத இடத்தில், கைக்கு வரும் பணம் ஒரு பெண்ணின் மனத்தை மாற்றுவதில்லை.