மீந்த விருந்துணவு: சுவையும் பாதுகாப்பும்

பொங்கல் விருந்தில் மீந்த சோற்றை மறுநாள் முகர்ந்து பார்த்து, கெடவில்லை என்று முடிவு செய்தல் போதாது. சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் ஒருவகை நச்சை மணத்தால் அறிய இயலாது. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. ஆகவே சமைத்த 2 மணி நேரத்திற்குள் சோற்றை அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆற்றி, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

அவ்வாறு காத்த சோற்றை மறுநாள் அரைத்து, ரவையும் தயிரும் கலந்து பணியாரமாக வார்க்கலாம்; பொரியலை அடைமாவில் சேர்க்கலாம்; கூட்டைச் சப்பாத்தி மாவுடன் பிசையலாம். எதுவாயினும் உள்வரை நன்கு வேக வேண்டும். மீண்டும் மீண்டும் சூடாக்கலாகாது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், கருவுற்றோர், முதியோர், குழந்தைகள் ஆகியோருக்குப் புதிதாகச் சமைத்ததையே பரிமாறுங்கள். ஐயத்துக்குரிய உணவைக் கொட்டிவிடுவது விரயமன்று.