காலி வண்டி ஏன் முன்புறம் சாய்ந்து நிற்கிறது?

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றுவதற்காக வந்து நிற்கும் காலி பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்புறம் சற்றுத் தூக்கலாகவும் முன்புறம் தாழ்ந்தும் இருக்கும். இது தயாரிப்பில் நேர்ந்த குறை அன்று. சரக்கின் எடையில் பெரும்பகுதி பின் அச்சின்மேல்தான் விழும். அப்போது வில்பட்டைகள் அமுங்கி வண்டி ஏறக்குறையச் சமமாகும் என்று கணக்கிட்டே இவ்வாறு அமைக்கிறார்கள்.

ஆயினும், காலி வண்டியே சமமாக நிற்பதுதான் அழகு என்று கருதுவோர் உண்டு. முன்புறச் சுருள்வில்லின் தலைப்பில் ‘ஸ்பேசர்’ எனப்படும் கனத்த வளையத்தைச் செருகினால் முன்புறம் உயர்ந்துவிடும். அமெரிக்காவில் இது பெரிய வாணிகம்.

வளையம் வைத்தால் வண்டி கூடுதல் பாரம் தாங்குமா? தாங்காது. வில் அமுங்கும் அளவு அதன்மேல் உள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். வளையம் வில்லுக்கு வெளியே உட்காருகிறது. வில்லின் விறைப்பு மாறவில்லை. நாற்காலிக்கு அடியில் செங்கல் வைத்தால் நாற்காலி உயருமே தவிர வலுப்பெறாது அல்லவா? பின்புறத்தில் மேலும் ஒரு வில்பட்டை சேர்ப்பது வேறு. அது விறைப்பையே கூட்டும். ஆனால் அச்சும் பிரேக்கும் டயரும் பழைய வலிமையிலேயே இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி ஒரு கணக்கு. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் என்று கொள்வோம். காலியாக இருக்கையில் பின்புறம் 5 செ.மீ. உயரம், பாரம் ஏற்றினால் 6 செ.மீ. அமுங்கும். அதாவது, பின்புறம் 1 செ.மீ. மட்டும் தாழ்ந்து, வண்டி ஏறக்குறையச் சமமாக நிற்கும். இப்போது முன்புறத்தை 5 செ.மீ. உயர்த்துங்கள். காலி வண்டி சமமாகிவிட்டது. ஆனால் பாரம் ஏற்றியதும் பின்புறம் 6 செ.மீ. தாழும். சரிவு 300-க்கு 6, அதாவது 50-க்கு 1. முகப்பு விளக்கின் ஒளியும் அதே சரிவில் மேல்நோக்கித் திரும்பும்; 50 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் உயர்ந்துவிடும். இரவில் எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக! விளக்கைத் திருத்திக்கொள்ளலாம்தான். ஆனால் வண்டியின் ஈர்ப்பு மையமும் சற்று உயர்ந்திருக்கிறதே? வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அது நல்லதன்று.

ஷாக் அப்சார்பரின் வேலை வேறு. சாதாரண ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்குவதில்லை. அதனுள் ஒரு தண்டு எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளுகிறது. வில்லின் துள்ளல் ஆற்றல் இவ்வாறு வெப்பமாக மாறி அடங்குகிறது. வண்டியை உயர்த்தியபின் பழைய ஷாக் அப்சார்பரின் நீளம் போதாமல் போகலாம். அதனால்தான் வளையத்தோடு நீளமான புதியதையும் பொருத்துகிறார்கள்.

வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் பெரியவர் ஒருவர் துணையுடன் சோதித்துப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைக் கீழே அழுத்தி விடுங்கள். ஒரே முறை எழுந்து நின்றால் எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது. பலமுறை துள்ளினால் மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.